மணலுக்கு எந்த நிறம் பூசுவாய்

தம்பிக்கு,

மீனாட்சியின் நிழலில் உன் அப்பாவும் நானும் சௌக்கியமாக இருக்கிறோம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலுக்குப் போய்த் திரும்பி, குங்குமத்தைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். முதலில் மனதுக்குள் ஒரு தடவை படித்தேன், பிறகு அப்பாவுக்காக உரக்க ஒரு தடவை. இந்தப் பதில் இன்லேண்டு கடிதத்தில் அடங்காது என்று எழுத உட்காரும்போதே தெரிந்துவிட்டது. அதனால்தான் கோடு போட்ட தாளில் எழுதுகிறேன். நீயும் அவசரமில்லாத ஒரு நேரத்தில், அந்தக் கரையிலேயே உட்கார்ந்து படித்தால் எனக்குச் சந்தோஷம்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் ஊர்க் கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது. துறைமுகத்தில் தூர் வாரும்போது வரும் மணலைக் கொண்டுவந்து அங்கே கொட்டி, கரையை மறுபடி அகலமாக்கப் போகிறீர்கள். அதற்கு முன்னால் கரை முழுவதையும் படமாக வரைந்து, எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று நிறம் பூசிக் கொடுப்பது உன் வேலை. வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், படகு நிறுத்தும் இடத்துக்கு ஊதா, கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சிவப்பு. மிச்சத்தை வெள்ளையாக விட்டுக் ‘காலி மணல்’ என்று எழுதிவிடச் சொல்லியிருக்கிறார் உன் மேலதிகாரி. காலி என்று எழுதிய இடமெல்லாம், புது மணல் விழுந்த கையோடு, சிமெண்டு நடைபாதையும் பெஞ்சும் கம்பிவேலியும் போட்ட பூங்காவாகிவிடும். ‘சாயங்காலம் கொஞ்சம் பேர் வந்து சும்மா இருந்துவிட்டுப் போகிறார்கள் அம்மா. சும்மா இருப்பதற்கு என் பெட்டியில் நிறம் இல்லை’ என்று முடித்திருந்தாய். நீ அதை விளையாட்டாக எழுதினாயா, மனம் கேட்காமல் எழுதினாயா தெரியவில்லை. அப்பா, “அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசி” என்றார். வாசித்தேன். அந்த வரியில் நாங்கள் இரண்டு பேரும் மனதால் ஒரே இடத்துக்குத்தான் போயிருந்தோம் என்பது எனக்குத் தெரியும்.

கடலைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடியபோது பார்த்ததுதான். ஆனால் மணலைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. மதுரைக்காரர்களுக்கு வைகைதான் கடற்கரை. தண்ணீர் ஓடுகிற நாள் கொஞ்சம், மணலாகக் கிடக்கிற நாள்தான் அதிகம். நாம் சிம்மக்கல்லில் குடியிருந்த காலத்தில், படித்துறையில் இறங்கினால் எதிர்க்கரை வரைக்கும் ஒரே மணல். விடியும்போது அது பெண்களுடையது. ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவோம். அந்தத் தண்ணீரில் சமைத்த பருப்புக்கு உப்புக் கூட அளவாய்த்தான் பிடிக்கும். வெயில் ஏறினால் துணி வெளுக்கிறவர்களுடையது. ஊரில் இருக்கிற வேட்டி சேலை எல்லாம் மணலில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கும். உச்சியில் எருமைகள். வெயில் தாழ்ந்தால் பிள்ளைகளின் பந்து, கம்பு சுற்றுகிறவர்களின் வீச்சுச் சத்தம். பொழுது சாய்ந்ததும் அக்கரையில் தொழுகை முடித்துவிட்டு வந்த குடும்பங்கள் அந்தப் பக்கம், விளக்கு வைத்துவிட்டு வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம், நடுவில் வேர்க்கடலை வறுக்கும் மணம். யாரும் கோடு போடவில்லை, யாரும் பலகை நடவில்லை. நேரம் மாறினால் மணலின் சொந்தக்காரர் மாறுவார். பௌர்ணமி அன்றைக்குத் தூக்குச்சட்டியில் புளியோதரை எடுத்துக்கொண்டு போவோம். நிலா ஏற ஏற மணல் வெளுத்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே தெரியாமல், எல்லாரும் ஏதோ ஒரு பெரிய பால் பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். நீயும் வந்திருக்கிறாய். என் மடியில் தூங்கித்தான் திரும்புவாய். வீட்டுச் செலவில் ஒரு தீப்பெட்டியைக்கூட எழுதாமல் விட்டதில்லை நான். அந்தச் சாயங்காலங்களுக்கு மட்டும் என் நோட்டில் ஒரு வரி இல்லை. செலவே இல்லாததால் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தோன்றவில்லை. உன் பெட்டியில் நிறம் இல்லாததும் அப்படித்தான் போலிருக்கிறது.

இனி சொல்லப்போவது நீ அரைகுறையாக அறிந்தது. நீ வெளியூரில் விடுதியில் தங்கிப் பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம், அப்பாவுக்கு மில்லில் வேலையில் இருக்கும்போதே வாதம் அடித்தது. இடது கை, இடது கால், வாயின் ஒரு ஓரம். உனக்கு ‘அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, தேறிவிட்டார்’ என்று மட்டும் எழுதினோம். தேறியதாகச் சொன்னது பாதிதான் உண்மை. கை மெல்ல மெல்ல வந்தது. கால் வரவில்லை. நடக்க வையுங்கள், நடந்தால்தான் வரும், இப்போது விட்டுவிட்டால் பிறகு வராது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் உன் அப்பா தெருவில் எப்படி நடந்த மனிதர் என்று உனக்குத் தெரியும். மில் சங்கு ஊதும்போது அவர் போகிற வேகத்தைப் பார்த்துத்தான் எதிர்வீட்டுக் கடிகாரமே ஓடும் என்பார்கள். அந்தத் தெருவில் காலை இழுத்துக்கொண்டு போக அவருக்கு மனமில்லை.

“தெருவுல எல்லாரும் பாக்குறாய்ங்க. நா வரல.”

“பாத்தா பாத்துட்டுப் போறாக. நீங்க நடங்க.”

“ஒனக்கென்ன, சொல்லிருவ.”

அதற்குமேல் பேச்சு நகராது. வெளி ஆட்களிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்ததால் சொல் குழறும். யாராவது விசாரிக்க வந்தால் தூங்குகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் இரண்டு தடவை விழுந்த பிறகு கட்டிலை விட்டு இறங்கவே பயந்தார். நான் மீனாட்சியிடம் அழுதேன், அழகரிடம் வேண்டிக்கொண்டேன். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது நான் சர்க்கரைச் சொம்பு ஏந்தி வருவேன், இவர் தன் காலால் நடந்து வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்று. தலைமாட்டில் உட்கார்ந்து அதை அவரிடமும் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவரைக் கிளப்பியது அழகரும் இல்லை, நானும் இல்லை. எதிர்வீட்டுப் பார்வதி மதினிதான். உனக்கு முறுக்கு கொடுத்தனுப்புவாளே, அவள். ஒரு நாள் சாயங்காலம் உள்ளே வந்து, கட்டிலின் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“அண்ணே, இப்பிடியே கெடந்தீகன்னா மதினி உங்களையும் பித்தளச் சாமானோட சேத்து வெளக்கிக் கவுத்தி வச்சிருவாக. ஆத்துக்குப் போயி ஒக்காந்துட்டு வாங்க. ரிக்சாவக் கூட்டியாந்து வாசல்ல நிப்பாட்டியிருக்கேன். போகலைன்னா ரிக்சாக்காரன் என்னத்தான் வைவான்.”

அப்பா கண்ணை மூடிப் பார்த்தார். அவள் போகவில்லை. கடைசியில் ரிக்ஷாவில் ஏறினார், தெரு தாண்டும் வரைக்கும் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டே வந்தார். படித்துறையில் நானும் ரிக்ஷாக்காரரும் தாங்கி இறக்கினோம். மணலில் கைத்தடியை ஊன்றினார். அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது. இன்னொரு இடத்தில் ஊன்றினார், அங்கேயும் இறங்கியது. “சனியன், நிக்க மாட்டேங்குது” என்று அதைக் கீழே போட்டுவிட்டு, வேறு பிடிமானம் இல்லாமல் என் தோளில் கையைப் போட்டார். தம்பி, எங்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவர் கை என் மேல் பட்டதில்லை. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. அவரவர் நிலாவையும் கடலையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியே கொஞ்ச தூரம் போனோம். எதிரே ஒரு பெரிய மனிதர், கையில் ஜவுளிக்கடைப் பை, பட்டுச் சட்டை, வயிறு முன்னால் வர, மணலில் கால் புதையப் புதைய ஆடி ஆடி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரர், பூட்ஸுக்குள் மணல் போய், வாத்து மாதிரி. அப்பா நின்று பார்த்தார். பிறகு என் காதோரம், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி,

“இந்தா, அவுகளப் பாரு. அவுகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” என்றார்.

நானும் அப்போதுதான் பார்த்தேன். மணலில் ஒருவருமே நேராக நடப்பதில்லை. தெருவில் நொண்டுகிறவன் தனியாகத் தெரிவான். மணலில் எல்லாரும் கொஞ்சம் நொண்டித்தான் போகிறார்கள். அந்தத் தைரியத்தில் என் தோளை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தார், விழுந்துவிட்டார். ஓடிப் போய்த் தூக்குவதற்குள் சுண்டல்காரர் வந்து அவர் முன்னால் கூடையை இறக்கி, “ஒக்காந்தாச்சா அண்ணே, மாங்கா போட்டுத் தரவா, வெறுஞ் சுண்டலா?” என்று கேட்டார். அப்பா விழுந்ததாகச் சுண்டல்காரருக்குத் தோன்றவே இல்லை. மணலில் விழுந்தால் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கிறது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். மாங்காய் போட்டதைத்தான் தின்றோம்.

அதற்குப் பிறகு தினமும் போனோம். அவர் நடந்தார், விழுந்தார், உட்கார்ந்தவர்போல் இருந்தார், எழுந்து நடந்தார். ரிக்ஷாவைப் படித்துறைக்கு முன்பே நிறுத்தச் சொல்ல ஆரம்பித்தார். பேச்சு மட்டும் என்னோடுதான். சுண்டல்காரரிடம்கூடத் தலையாட்டல்தான். கால் வந்தால் போதும், வாயை அழகர் பார்த்துக்கொள்வார் என்று நான் இருந்தேன். ஆனால் பங்குனியில் லாரிகள் வந்தன. ஊருக்குள் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன, எல்லாவற்றுக்கும் ஆற்று மணல்தான். நாங்கள் நடக்கும் வழியின் குறுக்கே, ஆள் இறங்கினால் தலை தெரியாத அளவுக்கு ஒரு பள்ளம். சித்திரைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. எதிர்க்கரைப் பக்கம்தான் அழகர் இறங்குவார். பள்ளத்தைச் சுற்றிப் போக அப்பாவுக்குக் கால் வலு போதாது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, “சரி, போவோம்” என்று திரும்பியவர், மறுநாள் கிளம்பவில்லை. அதற்கடுத்த நாளும் கிளம்பவில்லை. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நாகமலை புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் விவசாயம் பார்க்கும் மாயாண்டி அண்ணன் வருஷா வருஷம் நம் படித்துறைக்கு நேரே மணலில்தான் நீர்மோர்ப் பந்தல் போடுவார். அந்தப் பள்ளம் அவர் பந்தல் இடத்தையும் தின்றிருந்தது. பந்தக்கால் ஊன்ற வந்தவரிடம் பார்வதி மதினி அப்பாவின் கதையையும் சொல்லிவிட்டாள். அவர் நேரே வீட்டுக்கு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, “ஏம்ப்பே, ஒரு குழிக்காகவா மொகத்தத் திருப்பிக்கிட்டுக் கெடக்க? நா அடைக்கிறேன். அழகரு எறங்குற ஆத்துக்கு மட்டமான மண்ணப் போடுவனா? எங்க கண்மாயில இருக்குறதுலயே ஒசந்ததாக் கொண்டாரேன்” என்றார். சொன்னபடி டிராக்டர் டிராக்டராகக் கொண்டுவந்து கொட்டினார். கரம்பை. கண்மாய் அடியில் படியும் கறுப்பு வண்டல். வயலுக்குப் போட்டால் நெல் பொன்னாக விளையும் மண். அதைவிட ஒசத்தி அவருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெருவே போய் மிதித்து மட்டமாக்கினோம். நான் கற்பூரம் ஏற்றினேன். காய்ந்த கரம்பை கல் மாதிரி கிடந்தது. அப்பா வந்து பார்த்து, காலால் தட்டி, தலையாட்டினார்.

சித்திரா பௌர்ணமி அன்று விடியும்போது, மஞ்சள் நனைத்த சேலை, சொம்பு நிறையச் சர்க்கரை, மேலே வாழையிலை கட்டி அதில் சின்ன விளக்கு, இதோடு நான் முன்னால். அப்பா பின்னால். வழியெங்கும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், மொட்டை போட்டவர்கள், பிள்ளைகளைத் தோளில் சுமந்தவர்கள். திருவிழாவுக்காக அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். மெலிசான தண்ணீர், மணல் மேல் கண்ணாடி விரித்த மாதிரி, கணுக்கால் அளவுதான். மணலில் அது வழிந்து இறங்கிவிடும், நடக்கச் சுகமாக இருக்கும். கரம்பையில் இறங்கவில்லை. ராத்திரி முழுக்கக் குடித்து ஊறியிருந்தது. முதலில் போன கூட்டம் மிதித்து மிதித்து அதைக் களியாக்கிவிட்டது. நான் கால் வைத்ததும் முழங்கால் வரைக்கும் போய்விட்டது. சொம்பை உயரத் தூக்கிக்கொண்டு திரும்பினால், அப்பாவின் இடது கால் புதைந்து நிற்கிறது. அந்தக் காலைத்தான் அவரால் தூக்க முடியாது. அவர் முகம் வெளுத்துவிட்டது. அழகரே இதற்குத்தானா இத்தனை தூரம் நடத்திக் கூட்டி வந்தாய் என்று எனக்கு மனம் கசந்துபோனது.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். பார்வதி மதினி மாட்டிக்கொண்டு நிற்கிறாள், ஒரு செருப்பு கையில், இன்னொன்று சேற்றுக்குள். யாரோ ஒரு வாத்தியார் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டிருக்கிறார். நடுவில், மோர்ப் பானையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய ஒசந்த மண்ணில் தொடை வரைக்கும் புதைந்து, மாயாண்டி அண்ணன். ஒருவராலும் ஒரு அடி எடுக்க முடியவில்லை. எல்லாரும் அவரை முறைத்துக்கொண்டு நிற்கிறோம். அவர் பானையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார். அந்த நேரத்தில் அப்பா வாயைத் திறந்தார். குழறலாகத்தான், ஆனால் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற சத்தத்தில்,

“மாயாண்டிண்ணே, தண்ணியும் பாஞ்சிருச்சு. நாத்தக் கொண்டாங்க, நட்டுட்டுப் போயிருவோம்!”

முதலில் வாத்தியார் சிரித்தார், மதினி செருப்போடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மாயாண்டி அண்ணன் பானை குலுங்கக் குலுங்கச் சிரித்து மோரில் பாதியைச் சேற்றில் கொட்டினார். சிரிப்பில் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அப்பாவை யார் இழுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் தன் வலது கையால் மதினியை இழுத்ததை மட்டும் பார்த்தேன். தன் செருப்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டு, நல்ல மணல் வந்ததும், கறுப்புக் களி பூசிய இரண்டு கால்களால், எல்லாரையும்போல ஆடி ஆடி நடந்து வந்தார். வெகு தூரத்தில், தலைகளுக்கு மேலே, விடியலின் வெளிச்சத்தில் தங்கக் குதிரை மிதந்து போனது. அழகரைப் பார்த்தேனா, அப்பாவைப் பார்த்தேனா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. என் சொம்பு விளக்கு அணையாமல் இருந்தது.

புது மணல் பழைய மணலின் பருமனுக்கு ஒத்திருக்க வேண்டும் என்று சோதித்துப் பார்த்துத்தான் கொட்டுவோம் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்தபோது அப்பா, “இத மாயாண்டி அண்ணனுக்கு எழுதிப் போடணும்” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாயாண்டி அண்ணன் அடைத்த இடத்தில் அப்புறம் வெகு காலம் ஊற்றுச் சுரக்கவில்லை. கொட்டுகிற மணலை நீங்கள் சரியாகத்தான் கொட்டுவீர்கள், அதில் எனக்குக் கவலை இல்லை. கொட்டிய பிறகு அதன்மேல் என்ன வரும் என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒசந்தது என்று நினைத்துத்தான் சிமெண்டும் பெஞ்சும் போடுவார்கள். மாயாண்டி அண்ணனும் அப்படி நினைத்துத்தான் போட்டார்.

இந்த வில்லாபுரம் வீட்டில் குழாய் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, குறை சொல்லக் கூடாது. ஆனால் ஆறு தூரமாகிவிட்டது. போன மாசம் பஸ்ஸில் போய்ப் படித்துறையில் நின்று பார்த்தோம். பள்ளமும் கோரைப் புல்லும் சாக்கடைக் கறுப்பும்தான். அப்பா இறங்கவில்லை. இப்போதெல்லாம் கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இடது கால் பழையபடி இழுக்க ஆரம்பித்திருக்கிறது. அதை உனக்கு எழுத வேண்டாம் என்றார். ஒரு தடவை பாதி உண்மை எழுதியது போதும் என்று எழுதிவிட்டேன்.

உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை என்பது தெரியும். மேலதிகாரி சொன்னதை மாற்றி எழுதினால் அவருக்குக் கோபம் வரும் என்பதும் தெரியும். அவர் சொன்னபடியே நீ எழுதினாலும் எனக்கு நீ என் பிள்ளைதான். ஒன்று மட்டும் கேட்கிறேன். எழுதுவதற்கு முன்னால், விடியலில் இருந்து விளக்கு வைக்கும் வரைக்கும் ஒரு நாள் முழுக்க அந்த வெள்ளை இடத்தில் உட்கார்ந்து பார். வலை காயவைக்கிறவர் வந்து, பந்து விளையாடுகிறவர்கள் வந்து, அவர்கள் போய், ஒரு கிழவர் மனைவியின் தோளில் கை போட்டு வருகிறாரா என்று பார். வந்தால், அவர் விழுந்தால், உட்கார்ந்தவர் மாதிரிதான் தெரிகிறதா என்று பார்.

எந்த நிறம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். “வெள்ளையாவே விடட்டும். காலின்னு மட்டும் எழுத வேணாம். ஆளுக நடக்குற எடம்னு எழுதச் சொல்லு” என்றார்.

நீ கூப்பிட்டிருந்தாய், வைகாசி பிறந்ததும் நாங்கள் வருகிறோம். பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். கைத்தடியை மேலே வைக்கவா, அடியில் வைக்கவா என்று இப்போதுதான் கேட்டேன்.

“அது எதுக்கு? மணல்ல எறங்கிரும்” என்றார். “அவன் தோளு இருக்குல்ல.”

அம்மா